கூரை போட்ட மழைமானி

நோர்வேயிலிருந்து பார்சல் வந்த அன்று பாடசாலை அதிபர் கறுப்பையா அதை மத்தியானம் வரைக்கும் பிரிக்கவில்லை. முத்திரை வெளியே தெரியும்படி மேசையில் நிறுத்தி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று அலுவலகக் கதவையும் திறந்து வைத்திருந்தார். கலஹா வீதியோரத் தோட்டப் பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஏதாவது வருமென்றால் அது யாரோ போட்டுக் கழித்த சப்பாத்தாகத்தான் இருக்கும். இது அப்படியல்ல. இது விஞ்ஞானம்.

உள்ளே இருந்தது ஒரு மழைமானி. முழங்கை நீளத்துக்கு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். உடம்பில் மில்லிமீற்றர் கோடுகள். கம்பத்தில் பூட்டுவதற்கு இரண்டு திருகாணிகள். கூடவே படம் போட்ட ஒரு சின்னப் புத்தகம். திட்டத்தின் பெயர் ‘ஒரே வானம்’. நோர்வேயில் ஒரு பள்ளிக்கூடம், கென்யாவில் ஒன்று, கலஹாவில் இது. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி நாற்பது நாள், தினமும் காலை ஏழு மணிக்கு, முதல்நாள் பெய்த மழையை அளந்து இணையத்தில் பதிய வேண்டும். முடிவில் மூன்று பள்ளிகளின் மழையும் ஒரே வரைபடத்தில் மூன்று கோடுகளாக வரும். நாடுகள் கடந்து கைகோர்ப்பதன் மூலம் மாணவரிடையே விஞ்ஞான ஆர்வத்தைத் தூண்டுவதே நோக்கம் என்று முதலாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

அதிபர் முதலாம் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தில்தான் மழைமானியை எங்கே வைப்பது என்ற படம் இருந்தது.

அந்த இரண்டாம் பக்கத்தை வாசித்தவர்கள் இருவர். ஒருவர் விஞ்ஞான ஆசிரியை றிப்தா. அக்குறணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்ட அவருடைய கடிதம் ஐந்து மாதமாக அதிபரின் மேசை லாச்சியில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. மற்றவள் பத்தாம் வகுப்பு சஞ்சீவனி. தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள். எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்காமல் நம்பாத பிள்ளை. வகுப்பில் இதனால் அவளை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது.

அதிபர் செய்த முதல் காரியம் மழைமானிக்குத் திறப்பு விழா வைத்ததுதான்.

விளையாட்டுத் திடலின் மூலையில் நான்கு தூண் எழும்பியது. இரும்பு வேலி வந்தது. வேலிக்குப் பூட்டு வந்தது. தூண்களின் மேல் பச்சைத் தகரக் கூரை வந்தது. கூரைக்குக் கீழே சலவைக்கல் பதித்த ஒரு பீடம். பீடத்தின் மேல் மழைமானி. ‘சர்வதேச வானிலை ஆய்வு நிலையம்’ என்று மூன்று மொழியிலும் பொறித்த நினைவுக்கல்லில் கல்விப் பணிப்பாளரின் பெயர் சாண் அளவிலும் அதிபரின் பெயர் முக்கால் சாண் அளவிலும் இருந்தன. மழைக்கு இடம் இருக்கவில்லை.

விழாவுக்கு முதல்நாள் றிப்தா அலுவலகத்துக்குப் போனார்.

“சேர், ஒரு சின்ன விசயம். கூரைக்கிக் கீழ வெச்சா அதுக்குள்ள எப்பிடி சேர் மழ உழும்?”

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டீச்சர், அது வெளிநாட்டுச் சாமான். மழையில நனைஞ்சா பழுதாப் போகாதா?”

“அது மழையில நனையத்தான் சேர் செஞ்சிருக்காங்க.”

“சரி, வச்சிக்குவோம். நாளைக்கு டிரெக்டர் சேர் ரிப்பன் வெட்டுற நேரம் மழை வந்தா அவரை நனைய விடுறதா? அதையும் நோர்வேக்காரன் எழுதியிருக்கானா?”

“அப்ப விழா முடிஞ்ச பொறகு வெளிய எடுத்து வெப்பமா சேர்?”

“டிரெக்டர் திறந்து வச்சத அடுத்த நாளே இடம் மாத்தினா அவருக்கு என்னா மரியாதை?” என்ற அதிபர், லாச்சியை அரை அங்குலம் இழுத்து மறுபடி மூடினார். சும்மா ஒரு பழக்கம்தான். ஆனால் அந்த லாச்சியில் எந்தக் கடிதம் கிடக்கிறது என்பது றிப்தாவுக்குத் தெரியும். அவர் வகுப்புக்குத் திரும்பினார்.

விழா சிறப்பாக நடந்தது. பணிப்பாளர் ரிப்பன் வெட்டினார், நினைவுக்கல்லின் திரையை விலக்கினார், விளக்கேற்றினார், மழையின் பெருமை பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மழைமானிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மல்லிகைச் சரமும் சுற்றினார்கள். வேலியின் சாவி அதிபரின் இடுப்புக் கொத்தில் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஒக்டோபர் வந்தது. கண்டிப் பக்கத்து ஒக்டோபர் தெரியும்தானே. காலையில் பல்லைக் காட்டும் வெயில், இரண்டு மணிக்கெல்லாம் ஹந்தானை மலைப் பக்கம் கறுத்து, மூன்று மணிக்குக் கூரைப் பீலியெல்லாம் நிரம்பி ஓடும். பேராதனையிலிருந்து வரும் பஸ் வீதியில் வருகிறதா ஆற்றில் வருகிறதா என்று சந்தேகமாக இருக்கும். அந்த மழையில் சர்வதேச வானிலை ஆய்வு நிலையம் முதலாம் நாள் பதிந்தது சைபர். இரண்டாம் நாள் சைபர். பன்னிரண்டாம் நாளும் சைபர். றிப்தா வேலிக்கு வெளியே நின்று பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு சைபரையும் இணையத்தில் பதிந்தார்.

சஞ்சீவனி முதலாம் நாளே வேறு வேலை பார்த்திருந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மழைமானி இல்லாதவர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு படம் இருந்தது. சுவர் நேராக உள்ள ஒரு பெரிய சோடாப் போத்தலைத் தேடி எடுத்தாள். கழுத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கினாள். அடிப்பக்கம் மேடு பள்ளம் என்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, அதைச் சைபர் என்று வைத்துக்கொண்டாள். மில்லிமீற்றர் கோடுள்ள உடைந்த அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினாள். பாடசாலைக் கழிவறைக்குப் பின்னால், மரமோ கூரையோ இல்லாத ஒரே இடத்தில், கம்பம் நட்டுக் கட்டினாள். சனி ஞாயிறிலும் லயத்து வீட்டிலிருந்து நடந்து வந்து ஏழு மணிக்கு வாசித்தாள். கொப்பியில் எழுதினாள்: 3, 0, 27, 64, 0, 11, 38.

“ஞாயித்துக்கெழமையும் எங்கடி ஓடுற?” என்று வேலாயி கேட்டாள்.

“மழை அளக்கம்மா.”

“அளந்து?”

“எழுதுவேன்.”

“எழுது எழுது. எங்களுக்கு மழை பேஞ்சா நிறுக்கிற எடத்துல ஈரக் கொழுந்துன்னு சொல்லி மூணு கிலோ வெட்டுறாங்க. ஒன் போத்தல்ல எம்புட்டு வெட்டுறாங்கன்னு பாத்து வை.”

“இதுல யாரும் வெட்ட ஏலாதும்மா. நான்தானே எழுதுறேன்.”

“ஆமா, பெரிய கணக்கப்பிள்ள,” என்று வேலாயி தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

இதுதான் சஞ்சீவனிக்கு வேண்டியிருந்தது. வரைபடத்தில் வரப்போகும் மூன்று கோடுகளில் ஒன்று கலஹாவின் கோடு. அது அவள் அளந்த மழையாக இருக்க வேண்டும். யாரும் வெட்டாத, யாரும் சேர்க்காத மழை.

பதின்மூன்றாம் நாள் நோர்வேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அங்குள்ள பொறுப்பாசிரியை இங்ரித். உங்கள் ஊரின் கொடிய வறட்சியை நினைத்து எங்கள் பிள்ளைகள் மிகவும் கலங்கிப் போயிருக்கிறார்கள். உங்கள் தாகம் எங்கள் தாகம் என்று அவர்கள் கருதுகிறார்கள். ஒற்றுமையின் அடையாளமாக முப்பத்திரண்டு மேகப் படங்களை வரைந்து அனுப்புகிறோம். வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் உங்கள் மலைகளுக்கு மேல் அடர்ந்த முகில் தெரிகிறதே என்று ஒரு பையன் கேட்டானாம். அவனுக்கு இரக்கத்தின் அவசியம் விளக்கப்பட்டதாம். எந்த நாட்டிலும் அப்படி ஒரு பையன் இருப்பான். எந்த நாட்டிலும் அவனை உட்கார வைத்துவிடுவார்கள்.

அதிபர் உருகிப் போனார். மேகப் படங்களை வண்ணத்தில் அச்செடுத்து மண்டபச் சுவர் முழுக்க ஒட்டச் சொன்னார். அன்று பின்னேரம் மண்டபக் கூரை ஒழுகி ஒன்பது மேகங்கள் நனைந்து சுவரோடு வழிந்தன.

ஆனால் செய்தி பணிப்பாளர் காதுக்குப் போனது. அவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி மிகவும் சுருக்கமானது: “நம்ம பக்கம் வறட்சின்னு நான் மேலிடத்துக்கு அறிக்கை குடுக்கலையே. நீங்க எப்பிடி வெளிநாட்டுக்குக் குடுத்தீங்க?”

அதிபர் வியர்த்துப்போய் றிப்தாவை அழைத்தார்.

“டீச்சர், இன்னையிலருந்து மழை பெய்யணும்.”

“பெய்யத்தானே சேர் செய்யுது.”

“அதச் சொல்லல. கணினியில. பதிமூணாம் நாள் பத்துன்னு போடுங்க. பொறகு கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போங்க. இருபது, முப்பது. நாப்பதாம் நாள் நூறுல நிக்கணும்.”

“மழ அப்பிடி ஏறி ஏறியா சேர் பெய்யும்?”

“வருசா வருசம் பரீட்சைப் பெறுபேறு அறிக்கை எழுதுறோமே, அதுல எறங்குமுகமா எழுதியிருக்கோமா? சைபர்ல ஆரம்பிச்சது ஒரு வகையில நல்லதாப் போச்சு. சைபர்ல இருந்து நூறு. கென்யாக்காரன் காட்டுவானா இப்பிடி ஒரு வளர்ச்சி?”

மழைக்கும் இலக்கு உண்டு, மழையும் இலக்கை அடைய வேண்டும் என்று நம்புகிற ஒருவரிடம் என்ன சொல்வது? பெறுபேறு, வரவு வீதம், டெங்கு ஒழிப்பு, வாசிப்பு மாதம் என்று இருபத்தைந்து வருடம் மேல்நோக்கிய கோடுகளை மட்டுமே வரைந்த கை அது.

“சேர், நம்மட புள்ள ஒன்னு ஒழுங்கா அளந்து வெச்சிருக்கு,” என்றார் றிப்தா. சஞ்சீவனியைக் கூப்பிட்டார்கள். அவள் கொப்பியை நீட்டினாள்.

அதிபர் பார்த்தார். “எதுல அளந்த?”

“சோடாப் போத்தல்ல சேர்.”

“எங்க வச்ச?”

“கக்கூசுக்குப் பின்னால சேர். அங்கதான் தொறந்த வெளி.”

அதிபரின் முகம் வாடியது. நோர்வேயும் கென்யாவும் ஒரு பக்கம், கக்கூசு ஒரு பக்கம். “ஒன் போத்தல டிரெக்டர் திறந்து வச்சாரா?”

“இல்ல சேர்.”

“அப்ப அது மழை இல்ல,” என்றார் அதிபர். பிறகு, கையெழுத்து நல்ல பிள்ளை என்பது நினைவுக்கு வர, குரலைத் தணித்தார். “இந்தா பாரு. சுவர்ல தொங்கவிட பெரிய அட்டவணை ஒண்ணு எழுதணும். டீச்சர் தர்ற நம்பர நீ அழகா எழுது. கடைசி நாள் நோர்வேயோட நேருக்கு நேரா பேசுற கூட்டம் இருக்குல்ல, அதுல மேடையில நின்னு வாசிக்கிறதும் நீதான்.”

சஞ்சீவனி றிப்தாவைப் பார்த்தாள். றிப்தா லாச்சியைப் பார்த்தார்.

“அது பெய்யாத மழை சேர்,” என்றாள் சஞ்சீவனி. “நான் எழுத மாட்டேன்.”

“எழுதாட்டி விஞ்ஞானக் கழகத்துல இருக்கத் தேவையில்ல. மேடைக்கு நிரோஷா போவா. நீ கொடை புடி.”

கொடை பிடிப்பது என்றால் பணிப்பாளர் காரிலிருந்து மண்டபத்துக்கும் மண்டபத்திலிருந்து காருக்கும் போகும்போது குடை பிடிப்பது. அதற்கு ஒரு பிள்ளை எப்போதும் வேண்டும். அட்டவணையை ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் எடுக்கும் நிரோஷா எழுதினாள். பன்னிரண்டு சைபருக்குப் பிறகு வந்த வரியெல்லாம் படிக்கட்டு மாதிரி ஏறி, கடைசியில் நூறில் போய் நின்றன. இணையத்திலும் றிப்தா தினமும் அதையே பதிந்தார்.

சஞ்சீவனி அடுத்த நாளும் ஏழு மணிக்குப் போய்ப் போத்தலை வாசித்தாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

நாற்பதாம் நாள் நவம்பர் ஒன்பதாம் திகதி. கூட்டம் பின்னேரம் இரண்டு மணிக்கு. நோர்வேயில் அப்போதுதான் காலை. மண்டபத்தில் பெரிய திரை. மடிக்கணினிக்குப் பொட்டு, மல்லிகைச் சரம். திரையில் ஒரு பக்கம் நோர்வேப் பிள்ளைகள் கம்பளிச் சட்டையில்; மறுபக்கம் கென்யாப் பிள்ளைகள் மரத்தடியில். இரண்டு பக்கமும் பிள்ளைகள்தான் முன்வரிசையில். கலஹாவில் முன்வரிசை முழுக்கப் பணிப்பாளர், அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பிள்ளைகள் பின்னால் நின்றார்கள்.

வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று முக்கால் மணி நேரம் போனது. நிரோஷா மேடையேறி, “மேன்மைதங்கிய” என்று ஆரம்பித்த நேரம் வானம் பிளந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவளுடைய வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அட்டவணையின் நாற்பது இலக்கங்களையும் அவள் சுருதி குறையாமல் வாசித்து முடித்தாள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் இங்ரித் காதைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் கத்தினார்: “அது என்ன சத்தம்?”

“மழை!” என்று பணிப்பாளரும் பதிலுக்குக் கத்தினார்.

நோர்வேப் பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள். வறண்டு கிடந்த ஊரில் இலக்கமாக ஏறிய மழை, இப்போது சத்தமாகவே! அங்கே பின்வரிசையில் ஒரு பையன் கையை உயர்த்தினான். “உங்கள் மழைமானியைக் காட்டுங்கள். இப்போதே பார்ப்போம்!”

“வேணாம் சேர்,” என்றார் றிப்தா மெதுவாக. அதிபரும் அதைத்தான் நினைத்தார். ஆனால் பணிப்பாளர் எழும்பிவிட்டார். தான் திறந்து வைத்ததை இரண்டு கண்டம் பார்க்கப் போகிறது என்றால் எந்தப் பணிப்பாளர்தான் உட்கார்ந்திருப்பார்? றிப்தாவின் கைத்தொலைபேசியைக் கூட்டத்தில் இணைத்து, அதைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினார். பக்கத்தில் குடையோடு சஞ்சீவனி. பின்னால் அதிபர், றிப்தா, பாதி அபிவிருத்திச் சங்கம்.

அதிபர் கொத்தில் சாவியைத் தேடிப் பூட்டைத் திறந்தார். விழாவுக்குப் பிறகு வேலிக்குள் போன ஒரே ஆள் தினமும் சாவி வாங்கிக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியர் லெட்சுமணன்தான். பக்தியான மனுசன். பணிப்பாளர் தொலைபேசியை மழைமானிக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

சுற்றிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சலவைக்கல் பீடம் காய்ந்து பளபளத்தது. மழைமானிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூன்று ஊதுபத்திக் காம்பும் இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பலும் இருந்தன.

தொலைபேசிக்குள்ளிருந்து அதே பையனின் குரல் வந்தது. “ஏன் அதற்குக் கூரை போட்டிருக்கிறீர்கள்?”

பணிப்பாளர் அதிபரைப் பார்த்தார்.

“பாதுகாப்பு,” என்றார் அதிபர்.

“எதுல இருந்து?” என்று கேட்டார் பணிப்பாளர்.

அதிபருக்குப் பதில் தெரியும். மழையிலிருந்து. அதை வாய்விட்டுச் சொல்ல அன்றுதான் முதன்முதலாக அவருக்கு வெட்கமாக இருந்தது. பணிப்பாளர் தொலைபேசியைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினார். திரும்பிய பக்கத்தில் கழிவறைச் சுவரும், அதற்கு அப்பால் மழையில் நின்ற ஒரு கம்பமும், கம்பத்தில் ஒரு போத்தலும் தெரிந்தன.

இந்த முறை கென்யாவிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். “அந்தப் போத்தல் என்ன?”

அபிவிருத்திச் சங்கம் சப்பாத்தைப் பார்த்தது. சஞ்சீவனிக்கு இரண்டு கையும் குடைக்கம்பில். றிப்தா ஒரு விநாடி நின்றார். அதிபரின் லாச்சி அவர் கண்ணுக்குள் வந்து போயிருக்கும். பிறகு முன்னால் வந்து குடையை வாங்கிக்கொண்டார்.

“போய்ச் சொல்லு புள்ள. கொப்பி ஈக்கிதானே?”

கொப்பி பொலித்தீன் பைக்குள் அவள் இடுப்பில் இருந்தது. சஞ்சீவனி மழையில் நனைந்துகொண்டே ஆங்கிலத்தில் வாசித்தாள். அவளுடைய ஆங்கிலத்துக்கு எந்தப் போட்டியிலும் பரிசு கிடைக்காது. ஆனால் இலக்கங்கள் மட்டும்தானே. மூன்று, சைபர், இருபத்தேழு, அறுபத்துநான்கு என்று தொடங்கி நாற்பதும் வாசித்தாள். நோர்வேயில் அந்தப் பையன் செய்மதிப் படக் குறிப்போடு ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தான். அவன் ஒவ்வொரு முறை தலையசைக்கும்போதும் அவன் வகுப்பு கூச்சலிட்டது. கடைசி இலக்கம் இருபத்துமூன்று.

“இதை அனுப்புங்கள்,” என்றார் இங்ரித். “இதைத்தான் போடுவோம்.” முப்பத்திரண்டு மேகங்களைப் பற்றி அவரும் பிறகு பேசவில்லை.

அன்று நாலு மணிக்கே றிப்தா பழைய இலக்கங்களை அழித்துவிட்டுக் கொப்பியில் இருந்ததைப் பதிந்தார். இரண்டு நாளில் வரைபடம் வந்தது. மூன்று கோடுகள். கலஹாவின் கோடு மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடியது. கீழே ‘அளந்தவர்: சஞ்சீவனி’ என்று இருந்தது. அவள் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். நாற்பது புள்ளியும் இருந்தன. யாரும் ஒன்றும் வெட்டவில்லை.

அதிபரும் பார்த்தார். “எல்லாஞ் சரி டீச்சர். ஆனா கடைசி நாள்ல எறங்கிருச்சே. முந்தின நாள் அம்பத்தொண்ணு, அன்னைக்கு இருபத்துமூணு. கொஞ்சம் ஏத்தி விட ஏலாதா?”

றிப்தாவின் கடிதம் இன்னமும் லாச்சியில்தான் கிடக்கிறது.

தோல்வி என்றால் அது கீழே உள்ளவர்களுடையது; வெற்றி என்றால் அது மேலே போய்விடும். போத்தலும் போனது. இரண்டாவது கருவி ஒன்று வைக்கும்படி தான் முதலிலேயே ஆலோசனை சொன்னதாகப் பணிப்பாளர் அறிக்கை எழுதினார். அப்படிச் சொன்னது தனக்கும் நினைவிருப்பதாக அதிபர் பதில் எழுதினார். கம்பத்திலிருந்து போத்தலைக் கழற்றி, துடைத்து, மாலை போட்டு, அலுவலகக் கண்ணாடி அலுமாரியில் கேடயங்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்கள். கழிவறைக்குப் பின்னால் அது நின்ற இடத்தில் நான்கு தூண் எழும்புகிறது. நினைவுக்கல்லுக்கும் சொல்லியாயிற்று. கூரை இந்த முறை நீல நிறமாம்.

திட்டம் முடிந்த பிறகும் சஞ்சீவனி காலையில் ஏழு மணிக்கு எங்கோ போய் வந்து, வகுப்பில் உட்கார்ந்து கொப்பியில் எதையோ எழுதுவதை றிப்தா கவனித்தார்.

“வேற போத்தல் கட்டிட்டியா?”

“ஆமா டீச்சர். அதக் கழட்டின அன்னைக்கே கட்டிட்டேன். அளக்கத் தொடங்கி இன்னைக்கு அம்பத்தெட்டாவது நாள்.”

“எங்க வெச்சீக்கிற?”

சஞ்சீவனி வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “சொல்ல மாட்டேன் டீச்சர். தெரிஞ்சா வந்து திறந்து வச்சிருவாங்க.”